காடு தெரிந்தவர் ஏன் காடு தெரியாத பையனை எழுதினார்?

பிரையனுக்கு வயது 13. நியூயார்க்கில் வளர்ந்த பையன். அப்பாவும் அம்மாவும் விவாகரத்து வாங்கிவிட்டார்கள். கோடை விடுமுறைக்கு, கனடாவின் வடக்கே எண்ணெய் வயலில் வேலை பார்க்கும் அப்பாவிடம் சின்ன விமானம் ஒன்றில் போகிறான். விமானியும் அவனும் மட்டும். நடுவானில் விமானிக்கு மாரடைப்பு வருகிறது. விமானம் காட்டுக்கு நடுவில் ஓர் ஏரியில் போய் விழுகிறது. பையன் எப்படியோ கரையேறுகிறான். கிளம்பும்போது அம்மா வாங்கித் தந்த கைக்கோடரி இடுப்பு பெல்ட்டில் மாட்டியிருந்ததால் தப்பியது. அதை வைத்துக்கொண்டு 54 நாள் அந்தக் காட்டில் உயிரோடு இருக்கிறான்.

அமெரிக்க எழுத்தாளர் கேரி பால்சனின் 'ஹேட்செட்' (கைக்கோடரி) நாவலின் கதை இவ்வளவுதான். 1988-ல், அமெரிக்காவில் சிறுவர் நூல்களுக்குத் தரும் நியூபெரி ஆனர் என்ற கௌரவம் அதற்குக் கிடைத்தது. நான் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. எங்கள் ஏழாம் வகுப்புக்கு நூலகப் பாடவேளையில் அத்தியாயம் அத்தியாயமாக இதைத் தமிழில் சொல்லிக்கொண்டு வருகிறேன். புத்தகத்தை ஆங்கிலத்தில் கையில் வைத்துக்கொண்டு, வாயால் தமிழில். மணி அடித்தாலும் பிள்ளைகள் எழுந்திருப்பதில்லை.

சொல்லச் சொல்ல எனக்குள் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. பால்சன் காடு தெரிந்த மனிதர். சிறு வயதிலேயே வேட்டைக்குப் போனவர். வளர்ந்த பிறகு அமெரிக்காவின் வடக்கே உள்ள மினசோட்டா மாநிலத்தின் காடுகளில் பொறி வைத்து மிருகங்களைப் பிடித்தவர். 1983-ல் அலாஸ்காவின் இடிடராட் நாய்வண்டிப் பந்தயத்தில், ஆயிரம் மைலுக்கும் மேலே பனியில் ஓட்டி முடித்தவர். அப்படிப்பட்டவர் காட்டுக்கதை எழுதினால், எல்லாம் தெரிந்த ஒரு பையனைத்தானே நாயகனாக வைக்க வேண்டும்? ஏன் ஒரு நகரத்துப் பிள்ளையை, தீக்குச்சி இல்லாமல் நெருப்பு மூட்டத் தெரியாதவனை, எந்தப் பழத்தைத் தின்னலாம் என்று தெரியாதவனைப் பிடித்துக்கொண்டுபோய்க் காட்டில் போட்டார்?

எல்லாம் தெரிந்த பையனாக இருந்தால் கதை பத்துப் பக்கத்தில் முடிந்திருக்கும் என்பது ஒரு பதில். எனக்கு அது போதவில்லை. பால்சனின் பால்யத்தைப் படித்த பிறகுதான் இன்னொரு பதில் கிடைத்தது.

அவர் பிறந்தது 1939-ல், மினியாபொலிஸ் நகரத்தில். பிறகு இரண்டாம் உலகப் போர்க்காலம். அப்பா ராணுவத்தில் ஐரோப்பாவில் இருந்தார். அம்மா சிகாகோவில் ஆயுதத் தொழிற்சாலை வேலையில். ராத்திரியானால் அம்மா அந்தச் சின்னப் பையனை மதுக்கடைகளுக்குக் கூட்டிப்போய்ப் பாட வைப்பாராம். குடித்துக்கொண்டிருப்பவர்கள் முன்னால் ஐந்து வயதுக் குழந்தை பாடும். இது பாட்டியின் காதுக்குப் போனது. பாட்டி சும்மா இருக்கவில்லை. 1944-ல் பையனைத் தனியாக ரயிலேற்றி வடக்கு மினசோட்டாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டார். போரில் காயம்பட்ட வீரர்கள் நிறைந்த ரயில் அது. அதில் துணைக்கு ஆளில்லாமல் ஒரு குழந்தை. போய் இறங்கிய இடம் காட்டோரத்தில் ஒரு சின்னப் பண்ணை. அங்கே ஈடி என்ற அத்தை, சிக் என்ற மாமா.

அந்தப் பண்ணையில் அவனுக்கென்று ஓர் அறையும் கட்டிலும் இருந்தன. முற்றத்தில் பெருவாத்துகள் துரத்தின. மாமாவோடு சின்னப் படகில் ஆற்றில் போய்க் காளான் பறித்தான். மாமா அதிகம் பேசுகிற ஆள் இல்லை. தன் வேலையைச் செய்வார், பையன் பக்கத்தில் இருந்து பார்ப்பான், அப்புறம் அவனும் செய்வான். இதையெல்லாம் பால்சன் 'கான் டு த வுட்ஸ்' என்ற நினைவுநூலில் எழுதியிருக்கிறார். 2021-ல், அவர் இறந்துபோன வருடத்தில் வெளிவந்த புத்தகம். எண்பது வயதைத் தாண்டியவர் தன் கதையைச் சொல்லும்போதும் 'நான்' என்று எழுதவில்லை. முழுக்க 'பையன்' என்றேதான் எழுதுகிறார். பையன் ரயிலில் ஏறினான், பையனுக்குப் பசித்தது, பையன் காட்டுக்குள் போனான். அதைப் படித்தபோது எனக்குப் பிரையன்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

ஆமாம், அவரே ஒரு பிரையன். கிராமத்தில் பிறந்தவர் இல்லை, கிராமத்துக்கு வந்து சேர்ந்தவர். சிகாகோவின் மதுக்கடைப் புகையிலிருந்து நேராக ஆற்றங்கரைக்கு வந்த குழந்தைக்கு ஒவ்வொன்றும் புதிது. கோழி புதிது, சேறு புதிது, இருட்டு புதிது. புதிதாக இருந்ததால் ஒவ்வொன்றையும் பார்த்தது. நாற்பது வருடம் கழித்து அந்தப் பார்வையை எடுத்துத்தான் பிரையனுக்குக் கொடுத்திருக்கிறார் என்பது என் எண்ணம்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் காட்டோரத்திலேயே பிறந்தவள். எங்கள் ஊர் அந்தியூருக்கு அந்தப் பக்கம், பர்கூர் மலைக்குக் கீழே. வறட்டுப்பள்ளம் அணையில் யானை தண்ணீர் குடிக்க இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். சோளம் கதிர் பிடிக்கும் காலத்தில் எங்கள் அப்பாரு ராத்திரியெல்லாம் பரண்மேல் இருப்பார், பக்கத்தில் ஒரு தகர டின் இருக்கும். கள்ளிப்பழத்தை எப்படி முள் போகத் தேய்த்துத் தின்பது, கெளுத்தி மீனை எந்த இடத்தில் பிடித்தால் கையைக் குத்தாது, மலையில் மேய்ந்துவிட்டு வரும் செம்மறை மாடு மிரண்டு நின்றால் என்ன அர்த்தம், இதெல்லாம் யாரும் சொல்லித் தந்ததாக எனக்கு நினைவே இல்லை. மூச்சு விடுவதை யார் சொல்லித் தந்தார்கள்? கெளுத்தியை எப்படிப் பிடிப்பீங்க என்று அப்பாருவைக் கேட்டால், "புடிச்சா வருது" என்பார். அவ்வளவுதான் அவர் சொல்வது. அவருக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கு பால்சனுக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் எழுதச் சொன்னால் அப்பாரு ஒரு வரியில் முடித்துவிடுவார். பால்சன் ஓர் அத்தியாயம் எழுதுவார்.

மீன் பிடிக்கும் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரையன் முதலில் ஒரு கம்பை ஈட்டிபோலச் சீவிக்கொண்டு மீனைக் குத்திப் பார்க்கிறான். மீன் அவன் கையைவிட வேகம். சரி என்று வில் அம்பு செய்கிறான். குறி தப்பாமல் விட்டாலும் அம்பு மீன்மேல் படுவதில்லை. பக்கத்திலேயே இருக்கிறது மீன், எப்படித் தப்புகிறது? பசியோடு யோசித்து யோசித்து, வகுப்பில் படித்தது நினைவுக்கு வருகிறது. தண்ணீர் ஒளியை வளைக்கிறது. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மீன் இல்லை, அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. கீழே குறி வைக்கிறான். மீன் மாட்டுகிறது.

இந்த இடத்தை வகுப்பில் சொல்லிக்கொண்டு வந்தபோது, பிரையன் இன்னும் தவித்துக்கொண்டிருக்கும் கட்டத்திலேயே பின்பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்துவிட்டான். "டீச்சர், மீனு தெரியற எடத்துல இருக்காதுங்க. அதுக்குக் கீழ குத்தோணும்." வாய்க்காலில் குடைக்கம்பியைத் தீட்டிக்கொண்டு மீன் குத்துகிறவன் அவன். ஒளிவிலகல் பாடத்தில் கேள்வி கேட்டால் வாய் திறக்க மாட்டான். பிரையனுக்குப் பாடம் தெரியும், கை வராது. எங்கள் பையனுக்குக் கை வரும், அது பாடத்தில் இருப்பதுதான் என்று தெரியாது. இரண்டும் ஒரே ஆளுக்குள் சந்திக்கிற இடம்தான் கதை ஆகிறது. பால்சனுக்குள் அது ஐந்து வயதில் சந்தித்துவிட்டது.

கதைக்காக அவர் எவ்வளவு தூரம் போனார் என்பதை 'கட்ஸ்' என்ற புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஹேட்செட்டில் வரும் ஒவ்வொரு சம்பவத்துக்கும் பின்னால் தன் வாழ்க்கையில் என்ன இருந்தது என்று சொல்லும் புத்தகம். ஆம்புலன்ஸ் சேவையில் தொண்டராக ஓடியபோது மாரடைப்பில் மனிதர்கள் இறப்பதை நேரில் பார்த்திருக்கிறார். விமானி சாகும் அந்த முதல் அத்தியாயம் படிக்கும்போது நம் தோள் வலிக்கிறதே, காரணம் அதுதான். கைக்கோடரியைப் பாறையில் அடித்துப் பொறி உண்டாக்கி நெருப்பு மூட்ட முடியுமா என்று மணிக்கணக்கில் உட்கார்ந்து தானே மூட்டிப் பார்த்திருக்கிறார். பிரையன் ஆமை முட்டையைப் பச்சையாகத் தின்கிறான் இல்லையா, அதையும் தின்று பார்த்திருக்கிறார். அவரால் வயிற்றில் நிறுத்திவைக்க முடியவில்லை. ஆனால் கதையில் அதை மாற்றவில்லை. தன்னைவிடப் பிரையனுக்குப் பசி அதிகம் என்று விட்டுவிட்டார். பசியை அறிந்த ஒருவர்தான் அப்படி முடிவெடுக்க முடியும்.

பசியை அவர் அறிந்திருந்தார். பண்ணையில் இருந்த நல்ல காலம் நீளவில்லை. அம்மா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். போருக்குப் பின் அப்பா இருந்த பிலிப்பைன்ஸ், அப்புறம் திரும்பி அமெரிக்கா, கடைசியில் மினசோட்டாவின் தீஃப் ரிவர் ஃபால்ஸ் என்ற சின்ன ஊர். அப்பாவும் அம்மாவும் குடியில் மூழ்கியவர்கள். வீட்டுக்குள் சண்டை. பையன் அடித்தளத்தில், கொதிகலன் பக்கத்தில் படுத்துக்கொள்வான். வீட்டில் இருக்க முடியாதபோது ஆற்றுக்கும் காட்டுக்கும் போய்விடுவான். மீன் பிடிப்பான், வேட்டையாடுவான், அதையே தின்பான். கொஞ்சம் பணத்துக்காகப் பவுலிங் ஆட்டக் கூடத்தில் விழுந்த கட்டைகளை எடுத்து நிறுத்தும் வேலை. பள்ளிக்கூடம் அவனுக்கு ஒத்துவரவே இல்லை.

இந்த ஊரைப் பற்றிச் சொல்லும்போது ஒரு நூலகரைச் சொல்லாமல் விட முடியாது. குளிர் தாங்காமல் நூலகத்துக்குள் ஒதுங்கிய பதின்மூன்று வயதுப் பையனுக்கு அந்த அம்மா ஓர் உறுப்பினர் அட்டை போட்டுக் கொடுத்தார். புத்தகம் கொடுத்தார். அப்புறம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து எழுதச் சொன்னார். குளிருக்கு ஒதுங்க வந்தவனை "என்ன வேணும்?" என்று விரட்டாமல் இருந்ததற்கே அந்த அம்மாவைக் கும்பிட வேண்டும்.

வீடு பயம், காடு பத்திரம் என்று வளர்ந்த ஒருவர் எழுதும் காடு வேறு மாதிரி இருக்கும். சாகசக் கதைகளில் பெரும்பாலும் காடு வில்லன். நாயகன் அதை ஜெயித்துவிட்டு வெளியே வருவான். பால்சனிடம் அந்தப் பேச்சே இல்லை. முள்ளம்பன்றி பிரையன் காலில் முள்ளை ஏற்றுகிறது, அதுவும் பயத்தில்தான். மூஸ் என்ற பெரிய மான் வந்து அவனைத் தண்ணீரில் போட்டு மிதிக்கிறது. அதற்கு எந்தக் காரணமும் இல்லை, அவன்மேல் கோபமும் இல்லை. சூறைக்காற்று குடிசையைப் பிய்த்துப் போடுகிறது. ஓநாய்களைப் பார்க்கும்போது முதலில் பயப்படுகிறான், பிறகு அவை அந்த இடத்தைச் சேர்ந்தவை, தானும் இப்போது அப்படித்தான் என்று அவனுக்குப் படுகிறது. காடு அவனைக் கொல்லவும் பார்க்கவில்லை, காப்பாற்றவும் பார்க்கவில்லை. அது பாட்டுக்கு இருக்கிறது. அவனைத் துரத்துவதெல்லாம் வீட்டிலிருந்து அவன் கொண்டுவந்த ரகசியம், அம்மாவைப் பற்றிய ரகசியம்.

எனக்கு இந்த நாவலில் மிகவும் பிடித்த இடம் துப்பாக்கி வரும் இடம். கடைசிப் பகுதியில், மூழ்கிய விமானத்திலிருந்து அவசரகாலப் பையை வெளியே எடுத்துவிடுகிறான். அதில் உணவு இருக்கிறது, லைட்டர் இருக்கிறது, ஒரு துப்பாக்கியும் இருக்கிறது. எந்தப் பையனும் குதிக்க வேண்டிய இடம். பிரையனுக்கு என்னவோ செய்கிறது. துப்பாக்கி இருந்தால் இனி எதையும் அருகில் போய்ப் பார்க்க வேண்டியதில்லை, அறிந்துகொள்ள வேண்டியதில்லை. இங்கிருந்தே சுட்டுவிடலாம். அந்தப் பொருள் தன்னைச் சுற்றி இருக்கும் எல்லாவற்றிலிருந்தும் தன்னைப் பிரிக்கிறது என்று அவனுக்குத் தோன்றுகிறது. லைட்டரைப் பார்த்தும் கிட்டத்தட்ட அதே உணர்வு. நகரத்தில் உட்கார்ந்து கற்பனை செய்கிறவருக்கு இந்தப் பக்கம் வந்திருக்காது. 'வுட்சாங்' என்ற அவருடைய இன்னொரு நூலைப் படித்தால் இது எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஓநாய்கள் ஒரு பெண்மானைக் கொல்வதைக் கண்ணெதிரே பார்த்ததையும், நாய்களோடு கழித்த நாட்கள் தன்னை எப்படி மாற்றின என்பதையும், பொறி வைப்பதை விட்டுவிட்டதையும் அதில் சொல்கிறார்.

பண்ணை வாழ்க்கையை நேரடியாகவும் எழுதியிருக்கிறார். 'ஹாரிஸ் அண்ட் மீ' சிரித்துப் படிக்க வேண்டியது. 'த விண்டர் ரூம்' அமைதியானது. அதன் தொடக்கத்தில், புத்தகத்துக்கு வாசனை இருக்க முடியாது, சத்தம் இருக்க முடியாது, வெளிச்சம் இருக்க முடியாது, அதையெல்லாம் படிக்கிறவர்தான் கொண்டுவர வேண்டும் என்கிறார். சொல்லிக்கொண்டே பண்ணையின் வாசனைகளை ஒவ்வொன்றாக அடுக்கிவிடுகிறார். சாணி, வைக்கோல், கன்று. மாட்டுக் கொட்டகையில் விடிகாலை நின்ற யாருக்கும் அந்தப் பக்கத்தில் அவர் பாதி எழுதினால் போதும், மீதி தானே வந்துவிடும்.

ஒரே சம்பவத்தைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார் என்று பால்சன்மேல் குறை சொல்லலாம். ஒரு நாவலில் வந்தது நினைவுநூலில் வரும், அந்த நினைவு இன்னொரு நூலில் வேறு வடிவில் வரும். எனக்கு அது குறையாகப் படவில்லை. ஒரே நிலத்தை வருஷா வருஷம் உழுகிறவர் யாரும் போன வருஷம் உழுதாயிற்றே என்று விட்டுவிடுவதில்லை. ஒரு பையனின் ஏழெட்டு வருடங்களிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட புத்தகங்களுக்குத் தீனி கிடைத்திருக்கிறது என்றால், அந்த மண் அப்படி.

இன்னொரு விஷயம். ஹேட்செட்டின் முடிவுரையில் அவர் பிரையனை வீரனாக்கி அனுப்பவில்லை. உடல் எடையில் 17 சதவீதம் போய்விட்டது என்று சொல்கிறார். ஊருக்குத் திரும்பிய பிறகும் மளிகைக் கடைக்குப் போனால் அடுக்கி வைத்திருக்கும் சாமான்களைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவானாம். குளிர்காலம் வரை மாட்டியிருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும் என்றும் வெளிப்படையாக எழுதுகிறார். வாசகர்கள் விடவில்லை. மீட்க ஆள் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அதற்காகவே 1996-ல் 'பிரையன்ஸ் விண்டர்' எழுதினார். வடக்கு மினசோட்டாவின் குளிரில் வளர்ந்தவருக்கு அதைச் சொல்ல ஆராய்ச்சி எதுவும் தேவைப்பட்டிருக்காது.

எங்கள் வகுப்பு இப்போது, முன்பே சொல்லி முடித்த ஆமை முட்டை அத்தியாயத்துக்கே திரும்பிப்போய் நிற்கிறது. நிற்கிறது என்றால் நகரவே மாட்டேன் என்கிறது. நெருப்பு மூட்டத் தெரிந்துகொண்ட பிறகும் அவன் ஏன் முட்டையைப் பச்சையாகக் குடித்தான் என்று ஒரு கட்சி. வேகவைக்கப் பாத்திரம் இல்லையே என்று நான் புத்தகத்தில் உள்ளபடி சொன்னேன். "சூடான சாம்பல்ல பொதைச்சு வெச்சா வெந்துருமுங்க, நாங்க கெழங்கு அப்படித்தான் சுடுவோம்" என்றாள் முன்பெஞ்சில் ஒருத்தி. ஆமை முட்டைக்கு ஓடு கெட்டியாக இருக்காது, சாம்பல் உள்ளே போய்விடும் என்றான் ஒளிவிலகல் பையன். ஈரக் களிமண்ணை அப்பிவிட்டுச் சுட்டால் போகாது என்றாள் அவள். இருவரையும் அவரவர் வழியை ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், களிமண்ணை எங்கே எடுப்பது, எவ்வளவு கனம் அப்புவது, எத்தனை நேரம் விடுவது எல்லாம் விடாமல். நாளைக்குக் கோழி முட்டையை வைத்துச் செய்து பார்ப்பதாகப் பேச்சு.